மைனஸ் ஐம்பதில் அன்றாடம்: யாகுட்டியா பற்றி வாசகர் கேள்வி-பதில்

ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் சாகா குடியரசை யாகுட்டியா என்றும் சொல்வார்கள். பரப்பில் கிட்டத்தட்ட இந்தியா அளவு. மக்கள்தொகையோ சுமார் 10 லட்சம்தான். மனிதர்கள் நிரந்தரமாக ஊர் கட்டி வாழும் இடங்களிலேயே மிகக் குளிர்ந்த ஊர்கள் இங்கேதான் இருக்கின்றன. குளிர்காலத்தில் அங்கே போய்வர நினைப்பவர்களும், அங்குள்ள வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கேள்விகள் பலவிதமாக இருந்தாலும் பாதிப் பதில்கள் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன. வறண்ட குளிரைத் துணியாலும் அடுப்பாலும் சமாளித்துவிடலாம். ஈரம் சேர்ந்துவிட்டால் உடம்பும் தாங்காது, வண்டியும் தாங்காது, வீடும் தாங்காது.

கேள்வி: யாகுட்ஸ்க், ஓய்மியாகோன், வெர்கோயான்ஸ்க் மூன்றில் எங்கே குளிர் அதிகம்? வட துருவத்துக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும் கடலோர ஊர்களில்கூட இவ்வளவு குளிர் இல்லையே, ஏன்?

பதிவான அளவுகளைப் பார்த்தால் முதலிடம் வெர்கோயான்ஸ்க்குக்கும் ஓய்மியாகோனுக்கும்தான். வெர்கோயான்ஸ்க்கில் 1892 பிப்ரவரியில் மைனஸ் 67.8 டிகிரி. ஓய்மியாகோனில் 1933 பிப்ரவரி 6 அன்று மைனஸ் 67.7. இரண்டுக்கும் நடுவே இருப்பது பத்தில் ஒரு டிகிரி வித்தியாசம், அதனால் 'குளிரின் தலைநகர்' பட்டத்துக்கு இரண்டு ஊர்களும் உரிமை கொண்டாடுகின்றன. யாகுட்ஸ்க் 3 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வாழும் நகரம். அங்கே 1891ல் மைனஸ் 64.4 பதிவாகியிருக்கிறது. ஜனவரியில் சராசரியே மைனஸ் 40ஐ ஒட்டித்தான் இருக்கும்.

கடலோரத்தில் நீர் தன்னிடம் உள்ள வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். யாகுட்டியாவின் உள்பகுதிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குளிர்காலம் முழுக்க அங்கே உயரழுத்தம் நிலைகொண்டு வானம் தெளிந்து கிடக்கும். நீண்ட இரவில் பனித்தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் மலைச்சரிவுகளிலிருந்து வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குகிறது. ஓய்மியாகோன் சுற்றிலும் மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. தேங்கிய காற்றைக் கலைக்க அங்கே காற்று வீசுவதில்லை. அதனாலேயே மலைமேல் ஏறினால் பல டிகிரி சூடாக இருக்கும்.

காற்று வீசாதது அங்குள்ள மக்களுக்குப் பெரிய பாதுகாப்பு. மைனஸ் 40ல் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் காற்றடித்தால் தோலுக்கு அது மைனஸ் 55க்கும் கீழே. மூடாத கன்னம் இரண்டே நிமிடத்தில் உறையக்கூடும். அதே மைனஸ் 40 காற்றில்லாமல் இருந்தால், சரியாக உடுத்தியவர் அரைமணி நேரம் நடந்து கடைக்குப் போய்வந்துவிடலாம். தெர்மாமீட்டரை மட்டும் பார்த்துக் கிளம்பாதீர்கள். புகைபோக்கியைப் பாருங்கள். புகை நேராக மேலே போகிறதா, சாய்கிறதா என்பதும் அதே அளவு முக்கியம்.

கேள்வி: இமயமலைப் பயணத்துக்கு வாங்கிய தடிமனான ஜாக்கெட் இருக்கிறது. அது போதுமா? என்னென்ன உடுத்த வேண்டும்?

அது மைனஸ் 15, 20க்கான ஜாக்கெட்டாக இருந்தால் போதாது. யாகுட்ஸ்க்கில் முழங்காலுக்குக் கீழே இறங்கும் இறகு நிரப்பிய கோட்டு அல்லது உரோமக் கோட்டுதான் உதவும். ஆனால் ஜாக்கெட்டை விட முதலில் கவலைப்பட வேண்டியது உங்கள் தோலை ஒட்டிய உள்ளாடையைப் பற்றி. பருத்தி வேண்டாம். பருத்தி வேர்வையைக் குடித்துக்கொண்டு அப்படியே வைத்திருக்கும். நீங்கள் நின்றதும் அந்த ஈரம் உடம்பின் சூட்டை இழுக்க ஆரம்பிக்கும். மெல்லிய மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல் முதல் அடுக்கு. அதன்மேல் தடித்த கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ். அதற்குமேல் கோட்டு. காலுக்கும் இதே மூன்று அடுக்கு வேண்டும். மேலே நாலு போட்டுக் கீழே ஒரு ஜீன்ஸோடு போகிறவர்களுக்கு முதலில் உறைவது தொடை.

காலணிதான் பயணத்தை முடிவு செய்யும். பி.வி.சி. அடி வைத்த சாதாரணக் காலணி மைனஸ் 40க்குக் கீழே கட்டைபோல விறைத்து, நடக்கும்போதே விரிசல் விடும். அங்குள்ளவர்கள் கலைமானின் கால் தோலில் தைத்து, அடியில் கம்பளி ஃபெல்ட் வைத்த 'உந்தி' என்ற நீள பூட்ஸ் போடுகிறார்கள். கலைமான் முடி உள்ளே காற்றறைகள் கொண்டது. அந்தக் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. அழுத்தக் கம்பளியால் ஆன 'வாலென்கி'யும் நல்லது. எதை வாங்கினாலும் வழக்கமான அளவுக்கு ஒன்றிரண்டு எண் பெரிதாக வாங்குங்கள். மெல்லிய சாக்ஸ் ஒன்று, தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்று போட்ட பிறகும் விரல்களை உள்ளே மடக்கி நீட்ட முடிய வேண்டும். இறுக்கமான பூட்ஸுக்குள் மூன்று சாக்ஸ் திணித்தால் ரத்த ஓட்டம் நின்று, ஒரு சாக்ஸ் போட்டவரை விட முதலில் உங்களுக்குத்தான் உறையும். உள் அட்டையை ஒவ்வோர் இரவும் வெளியே எடுத்து உலர்த்துங்கள். பகலெல்லாம் பாதம் விட்ட வேர்வை அதில்தான் இருக்கிறது.

கைக்கு ஐவிரல் கையுறை மட்டும் போதாது. மெல்லிய கையுறையின் மேல் நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் தடித்த கையுறை போட வேண்டும். படம் எடுக்கவோ சாவி திருப்பவோ மேலுறையை மட்டும் கழற்றலாம். அது கழுத்தில் ஒரு நாடாவில் தொங்கினால் கீழே விழாது. மூக்கை மூடிய கம்பளிச் சால்வையில் மூச்சு உறைந்து பனி பிடித்தால் அந்தப் பகுதியைத் திருப்பிவிட்டு உலர்ந்த பகுதியை வாய்க்குக் கொண்டுவாருங்கள்.

உடுத்தும் வரிசையும் முக்கியம். வீட்டுக்குள் 24 டிகிரி இருக்கும். முதலில் கோட்டைப் போட்டுக்கொண்டு குனிந்து பூட்ஸ் மாட்டினால், கதவைத் திறப்பதற்குள் முதுகு நனைந்துவிடும். கால்சட்டை, சாக்ஸ், பூட்ஸ், தொப்பி, சால்வை எல்லாம் முடித்து, கடைசியாக வாசலில் நின்று கோட்டு, கையுறை. வெளியே வந்ததும் முதல் இரண்டு நிமிடம் லேசாகக் குளிர்ந்தால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கேள்வி: மூக்குத்தி, கம்மல், உலோகச் சட்டம் போட்ட கண்ணாடி எல்லாம் அணிந்து போகலாமா?

மூக்குத்தியும் தொங்கும் கம்மலும் கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது. உலோகம் தோலிலிருந்து சூட்டை வேகமாக வெளியே கடத்தும். மூக்கு நுனியும் காது மடலும் ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைந்த இடங்கள், முதலில் உறைவதும் அவைதான். உடைக்குள் மூடிக் கிடக்கும் சங்கிலிக்குப் பிரச்சினை இல்லை. உலோகச் சட்டம் கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக் சட்டம் போடுங்கள். மூக்கை மூடினால் மூச்சு மேலேறிக் கண்ணாடியில் பனியாக உறையும் என்பதால் பலர் கான்டாக்ட் லென்ஸ் அணிகிறார்கள். கண்ணீரின் சூட்டில் அது உறைவதில்லை.

குழந்தைகள் இரும்பை நாக்கால் தொட்டு ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், தோல் கிழிந்துவிடும். வெதுவெதுப்பான நீரை ஊற்றினால் தானே விடும்.

கேள்வி: யாகுட்ஸ்க்கில் வீடுகள் கால்கள்மேல் நிற்பதையும், தடித்த குழாய்கள் சாலைக்கு மேலே வளைந்து போவதையும் படத்தில் பார்த்தேன். மண்ணுக்குள் புதைத்தால் என்ன?

மண்ணுக்குள் புதைத்தால் வீடு சாயும். யாகுட்ஸ்க்கின் கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு நிலம் நிரந்தரமாக உறைந்து கிடக்கிறது. கோடையில் மேலே இரண்டு மீட்டர் வரை மட்டும் இளகும், குளிர்காலத்தில் மறுபடி உறையும். 19-ம் நூற்றாண்டில் ஃபியோதர் ஷெர்கின் என்ற வணிகர் குடிநீருக்காகக் கிணறு தோண்டினார். 1837 வரை தோண்டி 116 மீட்டர் இறங்கியும் நீர் வரவில்லை, உறைந்த மண்தான் வந்தது. பிறகு விஞ்ஞானி மிடெண்டார்ஃப் அந்தக் கிணற்றில் இறங்கி ஆழவாரியாக மண்ணின் வெப்பத்தை அளந்தார். உறைநில ஆய்வில் அது ஒரு பெரிய தொடக்கம். யாகுட்ஸ்க்கில் இன்று உறைநிலத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது.

உறைந்திருக்கும்வரை அந்த மண் கான்கிரீட் போல் உறுதி. அதற்குள் பனிக்கட்டி நிறைய இருப்பதால், இளகினால் சேறாகிவிடும். அடித்தளத்தைத் தரையோடு ஒட்டிக் கட்டினால் வீட்டின் சூடு கீழே இறங்கி மண்ணை இளக்கும். ஆகவே ஆழமாகத் துளையிட்டுக் கான்கிரீட் தூண்களை இறக்கி, தரைக்கும் வீட்டுக்கும் நடுவே ஆள் குனிந்து போகுமளவு இடைவெளி விடுகிறார்கள். குளிர்காலக் காற்று அந்த இடைவெளியில் நுழைந்து மண்ணை ஆண்டுதோறும் மீண்டும் கெட்டிப்படுத்துகிறது. அந்த இடத்தை அடைத்துச் சாமான் வைப்பதும், கீழே போகும் கழிவுநீர்க் குழாய் ஒழுகுவதைப் பார்க்காமல் விடுவதும்தான் பெரிய தவறுகள். ஒழுகும் வெந்நீர் ஒரு தூணைச் சுற்றி மட்டும் மண்ணை இளக்கும், அந்த ஒரு தூண் இறங்கும், சுவர் குறுக்காக வெடிக்கும்.

குழாய்கள் மேலே போவதும் இதே காரணத்தால்தான். வெப்ப நிலையத்திலிருந்து வரும் வெந்நீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் ஒரே காப்புறைக்குள் போகும். ஒன்றின் சூடு மற்றொன்றை உறையாமல் காக்கும்.

கேள்வி: அங்கே குளிர்காலத்தில் காரை அணைக்கவே மாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? வண்டியில் வேறு என்னென்ன மாற்றங்கள் செய்ய வேண்டும்?

பாதி உண்மை. சூடாக்கிய கராஜ் வைத்திருப்பவர்கள் அணைக்கிறார்கள். தெருவில் நிறுத்துகிறவர்கள் தானியங்கி ஸ்டார்ட்டர் பொருத்துகிறார்கள். இன்ஜின் வெப்பம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினாலோ, சில மணி நேரம் கடந்தாலோ அதுவே இன்ஜினை எழுப்பி, சூடானதும் அணைத்துவிடும். வண்டி முழுவதையும் மூடும் மெத்தை போன்ற போர்வைக்கு உள்ளூரில் 'நதாஷா' என்று பெயர். நெடுஞ்சாலைப் பயணத்தில் மட்டும்தான் இரவு பகலாக ஓடவிடுகிறார்கள், ஏனென்றால் அங்கே நின்றுபோனால் எழுப்ப ஆளில்லை.

பக்கக் கண்ணாடிகளின் உட்புறம் இன்னொரு கண்ணாடியை ஒட்டி, நடுவில் காற்று இடைவெளி விட வேண்டும். ஒற்றைக் கண்ணாடியில் மூச்சு உறைந்து பத்து நிமிடத்தில் வெளியே ஒன்றும் தெரியாமல் போகும். இன்ஜின் ஆயில் கடுங்குளிரிலும் இளகி ஓடும் 0டபிள்யூ (0W) வகையாக இருக்கட்டும். கூலன்ட் விஷயத்தில் பலர் 'கெட்டியாக ஊற்றினால் நல்லது' என்று எண்ணுகிறார்கள். எத்திலீன் கிளைகாலும் நீரும் சரிபாதி கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். கிளைகால் 60 சதவீதமானால் மைனஸ் 50ஐத் தாண்டும். நீரே கலக்காத சுத்தக் கிளைகாலோ மைனஸ் 13 அளவிலேயே உறைந்துவிடும். டீசல் வண்டிக்கு ஆர்க்டிக் வகை டீசல் மட்டுமே. மற்றதில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும்.

குளிர்நாட்டு மெக்கானிக்குகள் அதிகம் பார்க்கும் பழுதுகளில் முக்கியமானது இது. எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகும். அதில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டி ஆயில் அறைக்குள் இறங்கும். அதை வெளியேற்றும் மெல்லிய சுவாசக் குழாயில் அந்த ஈரம் உறைந்து அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறி, கிராங்க் ஷாஃப்டின் ஆயில் சீலைப் பிதுக்கித் தள்ளிவிடும். சில நிமிடங்களில் ஆயில் முழுதும் சாலையில். குறைந்த தூரம் மட்டும் ஓட்டி நிறுத்தும் வண்டிகளில்தான் இது அதிகம், ஏனென்றால் அந்த ஈரம் காயும் அளவுக்கு இன்ஜின் சூடாவதே இல்லை. சைலன்சரிலும் இதே கதை. தேங்கிய நீர் உறைந்து புகைவழியை அடைத்தால் மறுநாள் வண்டி கிளம்பாது. குழாய்க்குக் காப்புறை சுற்றுவதும், வாரம் ஒருமுறையாவது நீண்ட தூரம் ஓட்டுவதும் மருந்து. பெட்ரோல் டாங்கைக் காலியாக விடாதீர்கள், வெற்றிடத்தின் ஈரக்காற்று உள்ளே பனியாகி எரிபொருள் குழாயை அடைக்கும். ஹேண்ட்பிரேக் இழுத்து நிறுத்தாதீர்கள், உறைந்து பிடித்துக்கொள்ளும், கியரில் போட்டு நிறுத்துங்கள்.

இரவு முழுக்க நின்ற டயர் தரையில் பட்ட இடத்தில் தட்டையாகவே விறைத்திருக்கும். முதல் கால்மணி நேரம் தடதடவென்று ஆடும். அப்போது வேகம் எடுத்தால் ஷாக் அப்சார்பரும் பிளாஸ்டிக் பாகங்களும் உடையும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓடும் வண்டிக்குள் தூங்குகிறவர்கள் புகைக்குழாயைப் பனி மூடாமல் பார்த்து, ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

கேள்வி: லேனா ஆற்றின் மேல் வண்டி ஓட்டுவது பாதுகாப்பானதா?

யாகுட்ஸ்க் லேனாவின் மேற்குக் கரையில் இருக்கிறது. ரயிலும் நெடுஞ்சாலையும் எதிர்க்கரையில் உள்ள நிஷ்னி பெஸ்த்யாக்கில் முடிகின்றன. பாலம் கட்டுமானத்தில் இருக்கிறது. அதுவரை கோடையில் ஃபெரி, குளிர்காலத்தில் பனிப்பாதை, உறையத் தொடங்கும் இலையுதிர் காலத்திலும் உடையும் வசந்த காலத்திலும் காற்று மெத்தைப் படகு. அந்த இடைக்காலங்களில் பயணத் தேதி வைக்காதீர்கள்.

அதிகாரிகள் திறந்துவிட்ட பாதையில், பலகையில் எழுதிய எடைக்குள் போனால் பாதுகாப்புதான். நல்ல தெளிந்த பனியைப் பொறுத்தவரை, தடிமனைச் சென்டிமீட்டரில் எடுத்து அதை அதாலேயே பெருக்கி, 3.5ஆல் மறுபடி பெருக்கினால் தாங்கும் எடை கிலோவில் கிடைக்கும். 30 செ.மீ. பனி சுமார் 3 டன்னும், ஒரு மீட்டர் பனி 35 டன்னும் தாங்கும். வெள்ளையாகக் குமிழி நிறைந்த பனிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது பலம் குறைந்தது.

எடையை விட வேகத்தை அலட்சியப்படுத்துகிறவர்களே அதிகம். வண்டி ஓடும்போது பனித்தகடு கொஞ்சம் அமுங்கி, அடியில் உள்ள நீரில் ஓர் அலை உண்டாகும். வண்டியின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றாகிவிட்டால் பனி வெடிக்கும், அதுவும் கரையோரத்தில்தான் அதிகம். பலகையில் உள்ள வேகத்தை மீறாதீர்கள், முன்வண்டிக்கு நெருங்கிப் போகாதீர்கள், நடுவில் நின்று படம் எடுக்காதீர்கள். சீட் பெல்ட்டை அவிழ்த்துவிடுவதும் பனிப்பாதைக்கே உரிய வழக்கம்.

கேள்வி: ஓய்மியாகோனுக்குத் தரைவழியில் போவது எப்படி? வழியில் எதற்குப் பயப்பட வேண்டும்?

யாகுட்ஸ்க்கிலிருந்து 900 கிலோமீட்டருக்கும் மேல். ஆர்-504 'கொலிமா' நெடுஞ்சாலையில் ஹந்திகா வழியாகப் போய், குயுபெமேயில் பிரிந்து, டோம்டோர் தாண்டி ஓய்மியாகோன். இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் யாகுட்ஸ்க்கில் பகல் 5 மணி நேரம்தான். பிப்ரவரியில் வெளிச்சமும் கூடும், குளிரும் போகாது. உள்ளூர் ஓட்டுநரோடு, முடிந்தால் இரண்டு வண்டியாகப் போங்கள். இந்தச் சாலை 1930கள் முதல் ஸ்டாலின் கால முகாம்களின் கைதிகளைக் கொண்டு போடப்பட்டது. எண்ணற்றோர் அதில் உயிர்விட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டு அந்த வழியில் போக வேண்டும்.

இந்த நெடுஞ்சாலையின் மறுமுனையான மகதான் நகருக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குயுபெமேயிலிருந்து டோம்டோர் தாண்டிக் கிழக்கே போகும் பழைய பாதை வரைபடத்தில் குறுக்குவழியாகத் தெரியும். அது பராமரிப்பில்லாத, பாலங்கள் இடிந்த சாலை. 2020 குளிர்காலத்தில் நேவிகேஷனை நம்பி அதில் நுழைந்த இரண்டு இளைஞர்களின் வண்டி ரேடியேட்டர் உடைந்து நின்றது. மைனஸ் 50ல் ஒருவர் இறந்தார். சரியான வழி உஸ்த்-நேரா ஊடாகப் போவது. கிளம்பும் ஊரில் யாரிடமாவது எப்போது எங்கே சேர்வீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். வண்டியில் ஸ்லீப்பிங் பேக், கோடரி, தீப்பெட்டி, ப்ளோ லாம்ப், மாற்று பூட்ஸ் இருக்கட்டும். உதவி வரத் தாமதமானால் ஸ்பேர் டயரைக் கொளுத்துவார்கள். சூடும் கிடைக்கும், கரும்புகை தூரத்துக்கும் தெரியும்.

அதைவிட அடிக்கடி நேரும் ஆபத்து 'நாலெத்'. மைனஸ் 50லும் உறையாத நீர்! சிற்றாறுகள் அடிவரை உறையும்போது, கீழே ஓடும் ஊற்றுநீருக்குப் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, பனியைப் பிளந்துகொண்டு மேலே பரவும். அதன்மேல் கிடக்கும் பனித்தூள் போர்வையாகி அதை உறையவிடாது. பார்வைக்கு வெண்பனி, காலை வைத்தால் கணுக்கால் அளவு நீர். ஆற்றின்மேல் பனி சாம்பல் நிறமாக இருந்தாலோ, லேசாக ஆவி எழுந்தாலோ சுற்றிப் போங்கள்.

கால் நனைந்தே விட்டால் ஓடாதீர்கள். உடனே அந்தக் காலை முழங்கால்வரை உலர்ந்த பனித்தூளுக்குள் புதைத்து உருட்டுங்கள். கடுங்குளிரின் பனித்தூள் மிக வறண்டது, ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தட்டி உதிர்த்துவிட்டு மறுபடி புதையுங்கள். மூன்று நான்கு தடவை செய்தால் மேல் ஈரம் உள்ளே இறங்குவதற்குள் ஓடு போல உறைந்து நின்றுவிடும். பிறகு வண்டிக்குப் போய், சூட்டில் வைத்து பூட்ஸைக் கழற்றி, சாக்ஸ் மாற்றி, பாதத்தின் நிறத்தைப் பாருங்கள். வெட்டவெளியில் கழற்றினால் மறுபடி அதைக் காலில் ஏற்ற முடியாது.

கேள்வி: செல்போனும் கேமராவும் வேலை செய்யுமா?

உடம்பின் சூட்டில் இருக்கும்வரை செய்யும். லித்தியம் பேட்டரி குளிரில் மின்னழுத்தம் இழந்து, 60 சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்துபோகும். சட்டையின் உள்பையில் வைத்து, எடுத்து, படமெடுத்து, உடனே திரும்ப வையுங்கள். உறைநிலைக்குக் கீழே உள்ள பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள், நிரந்தரமாகப் பாழாகும். கேமராவுக்கு மூன்று பேட்டரியாவது வேண்டும்.

அதிகம் கெடுவது வெளியே அல்ல, வீட்டுக்குள் வந்த பிறகுதான். மைனஸ் 45ல் இருந்த லென்ஸை நேராக அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளே வெளியே எல்லாம் நீர் படிந்து உறையும். வெளியிலேயே ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, உள்ளே கொண்டுவந்து இரண்டு மூன்று மணி நேரம் திறக்காமல் விடுங்கள். மெமரி கார்டு வேண்டுமென்றால் பையில் போடும் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொதிநீரை வீசினால் மேகமாகிவிடும் வீடியோ உண்மையா?

உண்மை. மைனஸ் 40ஐ நெருங்கினால் நன்றாக வரும். கொதிநீர் மிக நுண்ணிய துளிகளாகச் சிதறி, கொஞ்சம் ஆவியாகி, அந்த ஆவியும் துளிகளும் நொடியில் உறைகின்றன. வெதுவெதுப்பான நீர் அப்படிச் சிதறாது, அப்படியே கட்டியாகத் தலையில் விழும். அரை கப் போதும். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம், தலைக்கு மேல் அல்லாமல் உங்களை விட்டு விலகிப் போகுமாறு வீசுங்கள். சுட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

கேள்வி: நான் சைவம். பட்டினி கிடக்க நேருமா?

யாகுட்ஸ்க்கில் நேராது. உருளைக்கிழங்கு, பக்வீட் கஞ்சி, காளான், ஊறுகாய் முட்டைகோஸ், பாலாடைக்கட்டிப் பணியாரம், 'அலாட்யி' என்ற தோசை, காட்டுப்பழம் சேர்த்துக் கடைந்த 'குயோர்சேக்' என்ற பாலேடு எல்லாம் கிடைக்கும். சூப்பில் காய் மட்டும் தெரிந்தாலும் அடியில் எலும்புச் சாறு இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். கிராமங்களில் நிலை வேறு. அந்த மண்ணில் குளிர்காலத்தில் வாழ வைப்பதே கொழுப்பும் இறைச்சியும்தான். குதிரை இறைச்சியும், உறைந்த பச்சை மீனை மெல்லிசாகச் சீவிய 'ஸ்த்ரகானினா'வும் அங்கே விருந்தாளிக்கு மரியாதை. வேண்டாமென்றால் காரணம் சொல்லி மறுக்கலாம். பருப்பு வகைகள், உலர்பழங்கள், நெய் கையில் கொண்டுபோங்கள். வழியில் சாப்பிட நினைப்பதைச் சிறு துண்டுகளாக்கி உள்பையில் வையுங்கள், வெளிப்பையில் சாக்லேட் கூடக் கல்லாகிவிடும். தாகத்துக்குப் பனியைத் தின்னாதீர்கள், அதை உருக்க உங்கள் உடம்புச் சூடுதான் செலவாகும்.

கேள்வி: உறைந்துவிட்ட விரலைப் பனியால் தேய்க்கச் சொல்கிறார்கள். கொஞ்சம் வோட்கா குடித்தால் சூடேறும் என்கிறார்கள். சரியா?

இரண்டுமே தவறு, இரண்டும் ஆளைக் கெடுக்கும். உறைந்த தசைக்குள் பனிப் படிகங்கள் இருக்கின்றன. தேய்த்தால் அவை திசுவைக் கிழிக்கும். மது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, உள்ளே சேர்ந்திருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும். குடித்தவருக்குச் சூடாகத்தான் தெரியும், உடம்போ குளிர்ந்துகொண்டே போகும்.

கூடப் போகிறவர்கள் ஒருவர் முகத்தை மற்றவர் சில நிமிடத்துக்கொரு முறை பாருங்கள். கன்னத்திலோ மூக்கிலோ வெள்ளைத் திட்டு தெரிந்தால் உடனே உள்ளங்கையை வைத்து அழுத்திச் சூடேற்றி, உள்ளே போய்விட வேண்டும். வலி நின்று மரத்துப்போவது நல்ல அறிகுறி அல்ல. விரல் மெழுகு நிறமாகி, அழுத்தினால் கட்டைபோல் இருந்தால் ஆழமாக உறைந்திருக்கிறது. மறுபடி உறைய வாய்ப்பில்லாத இடத்துக்கு வந்த பிறகே இளக்குங்கள். ஒருமுறை இளகி மறுபடி உறைந்தால் சேதம் பல மடங்கு. 37 முதல் 39 டிகிரி வரையிலான வெந்நீரில், நீரைக் கலக்கிக்கொண்டே, சூடு குறையாமல் பார்த்து, தோல் மிருதுவாகிச் சிவக்கும்வரை அரைமணி அளவு வையுங்கள். அடுப்பிலோ ஹீட்டரிலோ காட்டாதீர்கள், மரத்த விரல் வெந்துபோவது தெரியாது. இளகும்போது வலி கடுமையாக இருக்கும், இப்யூபுரோஃபென் ஒத்துக்கொள்பவர்கள் எடுக்கலாம். கொப்புளத்தை உடைக்காமல், விரல்களுக்கிடையே துணி வைத்து மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்து இளகிய 24 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன் தரும்.

ஒருவர் தடுமாறி நடந்தாலோ, பேச்சு குழறினாலோ, பொத்தான் போட முடியாமல் திணறினாலோ உடல்வெப்பம் இறங்குகிறது என்று கொள்ளுங்கள். நடுக்கம் தானாக நின்றால் இன்னும் மோசம். இன்சுலினும் ஆஸ்துமா இன்ஹேலரும் உடம்பை ஒட்டிய பையில் இருக்கட்டும். உறைந்த இன்சுலின் பயன்படாது.

கேள்வி: துவைத்த துணி எப்படிக் காயும்? வீட்டுக்குள் காற்று மிகவும் வறண்டிருக்கும் என்பது சரியா?

வெளியே கொடியில் போட்டால் சில நிமிடத்தில் பலகை போல் விறைத்துவிடும். ஆனாலும் காயும். பனி நீராகாமலே நேராக ஆவியாகும். முழுதும் காய நாள் பிடிக்கும், ஆகவே பாதி காய்ந்ததை உள்ளே கொண்டுவந்து உலர்த்துவார்கள். விறைத்த துணியை மடக்காதீர்கள், இழை முறியும்.

வீட்டுக்குள் வறட்சி நிஜம். மைனஸ் 40 காற்றில் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 0.1 கிராம் நீராவிதான் இருக்க முடியும். அதை 22 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. மூக்கில் ரத்தம் வரும், உதடு வெடிக்கும். ஈரத்துண்டை ஹீட்டர்மேல் போடுங்கள், தாகம் இல்லாவிட்டாலும் நீர் குடியுங்கள். முகக்கிரீமை வெளியே கிளம்பும் முன் பூசாமல் இரவில் பூசுங்கள்.

கேள்வி: பள்ளிக்கூடங்கள் குளிர்காலம் முழுக்க மூடியிருக்குமா?

இல்லை. யாகுட்ஸ்க்கில் மைனஸ் 45ஐத் தொட்டால் தொடக்க வகுப்புகளுக்கு விடுமுறை. குளிர் இறங்க இறங்கப் பெரிய வகுப்புகள் சேரும். மைனஸ் 55ல் எல்லாருக்கும். காலையிலேயே அறிவித்துவிடுவார்கள்.

கேள்வி: பணம், விமானம், ஓய்மியாகோனில் குளியலறை வசதி பற்றிச் சொல்லுங்கள்.

ரஷ்யாவுக்கு வெளியே வழங்கிய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் அங்கே செல்லாது, ஆகவே ரூபிள் ரொக்கம் வேண்டும். மாஸ்கோவிலிருந்து யாகுட்ஸ்க் ஆறு மணி நேரத்துக்கும் மேற்பட்ட விமானப் பயணம், கடிகாரம் மாஸ்கோவை விட 6 மணி, இந்தியாவை விட மூன்றரை மணி முன்னே ஓடும். மைனஸ் 40க்குக் கீழே வாகனப் புகையிலும் வெப்ப நிலையங்களிலும் உள்ள நீராவி உறைந்து பனிமூட்டமாக நகரை மூடும், விமானங்கள் தாமதமாகும். திரும்பும் பயணத்தில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்மியாகோனில் பெரும்பாலான வீடுகளில் கழிப்பறை வெளியே தனிக் கொட்டகையில் இருக்கும், உள்ளே குழாய் போட்டால் உறைந்து வெடிக்கும் என்பதால். யாகுட்டியாவின் கிராமங்களில் ஏரி உறைந்ததும் இலையுதிர் கால முடிவில் தெளிந்த பனிப்பாளங்களாக அறுத்து வந்து வாசலில் அடுக்கிவிடுவார்கள். வேண்டியபோது ஒரு பாளத்தை உடைத்து உள்ளே பீப்பாயில் போட்டு உருக்கினால் குடிநீர். விருந்தினர் வீட்டில் தங்குபவர்கள் நீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள். குளித்தால் தலைமுடி முழுதும் காயும்வரை வெளியே போகாதீர்கள், கழிப்பறைக்குக்கூட முழு உடை போட்டுக்கொண்டு, டார்ச்சோடு போங்கள்.